பாரம்பரியத் தக்காளிகளின் பின்கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரம்பரியத் தக்காளி விதை உறையின் பின்பக்கத்தில் பெரும்பாலும் நாலு வரிக் கதை ஒன்று இருக்கும். ஒரு பாட்டி, ஒரு கப்பல் பயணம், ஒரு போர்வீரன், ஒரு பழங்குடி என்று யாராவது அதில் வருவார்கள். அந்த நாலு வரியில் எது ஆவணம், எது செவிவழிச் செய்தி, எது விற்பவரின் கைச்சரக்கு என்பதைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. விதையைப் பொறுக்கி வைப்பதுபோலக் கதையையும் பொறுக்கித்தான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பதில்கள் அந்த நோக்கிலேயே இருக்கும்.

எதைப் பாரம்பரிய ரகம் என்று சொல்லலாம்?

முதல் நிபந்தனை, தாயைப் போலப் பிள்ளை பிறக்க வேண்டும். பழத்திலிருந்து எடுத்த விதையை விதைத்தால் அதே பழம் வர வேண்டும். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கும் வீரிய ஒட்டு ரகங்களில் இது நடக்காது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

இரண்டாவது நிபந்தனை வயது. இதில்தான் சண்டை. 50 ஆண்டு பழையதாக இருந்தால் போதும் என்பார் சிலர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தைக் கோடாகக் கிழிப்பவர்கள் சிலர். எனக்கு இரண்டாவது தரப்புதான் சரியென்று படுகிறது. அமெரிக்காவில் பர்ப்பீ என்ற விதை நிறுவனத்தின் 'பிக் பாய்' என்ற ஒட்டுத் தக்காளி 1949-ல் வந்தது. அதையடுத்து விதைப் பட்டியல்கள் ஒட்டு ரகங்களின் பக்கம் சாயத் தொடங்கின. கோடு கிழிக்க அங்கே ஒரு காரணம் இருக்கிறது. 50 ஆண்டுக் கணக்கோ ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நகர்ந்துகொண்டே போகும்.

வயதைவிடப் பயனுள்ளது, கெரொலின் மேல் (Carolyn Male), கிரெய்க் லெஹூலியர் என்ற இரண்டு அமெரிக்க ஆர்வலர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பாகுபாடு: குடும்பங்கள் கைமாற்றிக் காத்தவை, விதை நிறுவனங்கள் பழைய காலத்தில் வெளியிட்டவை, தெரிந்தே கலப்புச் செய்து நிலைப்படுத்தியவை, தற்செயலாகக் கலந்து பிறந்தவை. கதையைச் சோதிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது இந்த நான்கில் எது என்பதைத்தான்.

தக்காளியின் பூர்வீகம் எது?

காட்டு மூதாதையின் இடம் தென்னமெரிக்காவின் மேற்குக் கரை, இன்றைய பெரு, ஈக்வடார் பகுதிகள். பழம் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். அது பெரிய பழமாக வளர்ந்து தோட்டப் பயிரானது மெக்சிகோவில். ஸ்பானியர்கள் வந்து இறங்கியபோது அஸ்தெக் சந்தைகளில் பல நிறத்திலும் பல அளவிலும் தக்காளி விற்றதை 16-ஆம் நூற்றாண்டுத் துறவி பெர்நார்டினோ தே சஹாகுன் பதிவு செய்திருக்கிறார். ஆக, ரகங்களின் வரலாறு ஐரோப்பியத் தோட்டத்தில் தொடங்கவில்லை. பெயர் தெரியாத மெக்சிகோ உழவர்கள் செய்த தேர்வுதான் முதல் அத்தியாயம். எந்த விதை உறையிலும் அவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

இத்தாலியில் மருத்துவர் பியேத்ரோ அந்திரேயா மத்தியோலி 1544-ல் தக்காளியைப் பற்றி எழுதினார். ஐரோப்பிய அச்சில் அதன் முதல் சுவடு அதுதான் என்று பொதுவாகக் கொள்வார்கள்.

தக்காளியை விஷம் என்று பயந்தார்களா?

சில ஊர்களில், சில காலம் பயந்தார்கள். செடி கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் பெல்லடோனா போன்ற கொடிய நஞ்சுச் செடிகளும் உண்டு. இங்கிலாந்தில் ஜான் ஜெரார்டு 1597-ல் வெளியிட்ட மூலிகை நூல் தக்காளியை இகழ்ந்து எழுதியது. அந்த இகழ்ச்சி ஆங்கிலம் பேசும் நாடுகளில் நெடுநாள் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இதையொட்டிச் சொல்லப்படும் இரண்டு கதைகளை நம்ப வேண்டாம். ஒன்று ஈயத் தட்டுக் கதை. செல்வந்தர்களின் தட்டிலிருந்த ஈயத்தைத் தக்காளியின் புளிப்பு கரைத்து அவர்களைக் கொன்றதாம். எலுமிச்சையும் வினிகரும் தக்காளியைவிடப் புளிப்பானவை. அவற்றின் மீது ஏன் பழி விழவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்தாலே கதை தள்ளாடிவிடும்.

இன்னொன்று 1820-ல் நியூ ஜெர்சியின் சேலம் நகரில், ராபர்ட் கிப்பன் ஜான்சன் என்பவர் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று கூட்டத்தின் முன்னால் தக்காளி தின்று காட்டினார் என்ற கதை. ஜான்சன் உண்மையான மனிதர். படிக்கட்டுக் காட்சிக்கு மட்டும் அந்தக் காலத்துச் சான்று கிடையாது. 20-ஆம் நூற்றாண்டில் எழுதியவர்களின் கையில் அது வளர்ந்தது என்பதை ஆண்ட்ரூ எஃப். ஸ்மித் என்ற வரலாற்றாசிரியர் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1809 முதல், தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியா மாநிலத்தில் இருந்த தன் மான்டிசெல்லோ தோட்டத்தின் குறிப்பேட்டில் தக்காளி நட்டதை எழுதி வைத்திருக்கிறார். பயந்தவர்களும் இருந்தார்கள், வேறொரு மாநிலத்தில் சமைத்துச் சாப்பிட்டவர்களும் இருந்தார்கள்.

'மார்ட்கேஜ் லிஃப்டர்' (கடன் தீர்ப்பான்) என்ற ரகம் உண்மையிலேயே வீட்டுக் கடனை அடைத்ததா?

அடைத்தது. தக்காளிக் கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. நாயகனே தன் வாயால் சொன்னது என்பதால் வலுவானதும்கூட.

மேற்கு வர்ஜீனியாவின் லோகன் ஊரில் எம். சி. பைல்ஸ் என்றொரு மெக்கானிக் இருந்தார். செங்குத்தான மலைச் சாலையின் அடிவாரத்தில் அவருடைய பட்டறை. மேட்டில் ஏற முடியாமல் ரேடியேட்டர் கொதித்து நின்ற லாரிகள் அவரிடம் வந்து சேர்ந்தன. ஊர் அவரை 'ரேடியேட்டர் சார்லி' என்றே அழைத்தது. தாவரவியல் படித்தவர் அல்லர்.

பெரிய பழம் தரும் தக்காளிச் செடிகள் பத்தை வட்டமாக நட்டார். நடுவில் 'ஜெர்மன் ஜான்சன்' என்ற ரகத்தில் ஒரு செடி. குழந்தைகளின் காதைச் சுத்தம் செய்யும் ரப்பர் பீச்சுக்குழலை எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள செடிகளின் பூக்களிலிருந்து மகரந்தத்தை உறிஞ்சி, நடுச் செடியின் பூக்களில் பீச்சினார். அதில் காய்த்த பழங்களின் விதையை எடுத்து விதைத்தார். வந்த நாற்றுகளில் சிறந்ததை நடுவில் வைத்து, மற்ற நல்லவற்றைச் சுற்றி நட்டார். ஆறு ஆண்டுகள் இதே வேலை. தனக்குப் பிடித்த பழம் நிலைப்பட்டதும் 1940களில் நாற்று ஒன்றை ஒரு டாலருக்கு விற்றார். 200 மைல் தொலைவிலிருந்தெல்லாம் கார் ஓட்டி வந்து வாங்கிப் போனார்கள். 6,000 டாலர் வீட்டுக் கடன் ஆறு ஆண்டுகளில் அடைந்தது. ஒரு டாலருக்கு ஒரு நாற்று என்பது அன்றைக்குக் கொள்ளை விலை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரு சின்ன நெருடல் உண்டு. தக்காளிப் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறும் இயல்புடையது. மகரந்தப் பைகளை முன்கூட்டியே நீக்காமல் வெளியிலிருந்து பீச்சினால், எத்தனை பூ கலந்தது, எத்தனை பூ தானே கருவுற்றது என்று சொல்ல முடியாது. பைல்ஸின் வெற்றியில் பீச்சுக்குழலுக்கு எவ்வளவு பங்கோ, ஆறு ஆண்டுகள் விடாமல் பொறுக்கிய கண்ணுக்கு அதைவிட அதிகப் பங்கு என்று நினைக்கிறேன்.

பெயரைப் பற்றி இன்னொன்று. அதே மாநிலத்தில் எஸ்ட்லர் என்ற குடும்பத்தின் தக்காளிக்கும் இதே பெயர் உண்டு. ஆகவே உறையில் 'ரேடியேட்டர் சார்லி' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'செரோகி பர்ப்பிள்' செரோகி மக்களின் தக்காளிதானா?

இந்த ரகம் உலகுக்குத் தெரிய வந்த விதம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1990-ல் டென்னசி மாநிலத்திலிருந்து ஒருவர் கிரெய்க் லெஹூலியருக்கு ஒரு கடிதமும் சிறிது விதையும் அனுப்பினார். தன் அண்டை வீட்டாரின் குடும்பத்துக்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் செரோகி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் கொடுத்த ஊதா நிறத் தக்காளி என்று கடிதம் சொன்னது. விதை வந்தபோது அதற்குப் பெயரே இல்லை. வேதியியலாளராகப் பணியாற்றிவந்த லெஹூலியர் விதைத்துப் பார்த்து, கடிதத்தை வைத்துத் தானே பெயரிட்டு, சதர்ன் எக்ஸ்போஷர் சீட் எக்ஸ்சேஞ்ச் என்ற விதை நிறுவனத்துக்கு அனுப்பினார். சுவை அபாரம், ஆனால் அடிபட்டுக் கன்றிய தோலின் நிறத்தில் இருக்கும் பழத்தை யார் வாங்குவார்கள் என்ற தயக்கம் அங்கே இருந்ததாம்.

1990-க்குப் பின் நடந்தது எல்லாம் ஆவணம். அதற்கு முந்தைய நூறு ஆண்டு முழுவதும் ஒரே ஒரு கடிதத்தின் தோளில் நிற்கிறது. அது பொய் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. டென்னசியின் கிழக்குப் பகுதி செரோகி மக்களின் பழைய நிலம்தான். ஆனால் சில விற்பனையாளர்கள் இதை 'கொலம்பஸுக்கு முந்தைய செரோகித் தக்காளி' என்று நீட்டி முழக்குகிறார்கள். அது கட்டுக்கதை. கொலம்பஸ் காலத்தில் அந்தப் பகுதியில் தக்காளிப் பயிரே கிடையாது. கடிதம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியைத்தான் சொல்கிறது. அவ்வளவோடு நிறுத்திக்கொள்வதுதான் நாணயம்.

'பிராண்டிவைன்' ஆமிஷ் மக்களின் ரகம் என்கிறார்களே?

எல்லாரும் சொல்கிறார்கள், சான்றுதான் இல்லை. பென்சில்வேனியாவில் பிராண்டிவைன் என்றொரு ஓடை இருக்கிறது. பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தின் குடியிருப்புகள் இருப்பதும் அதே மாநிலத்தில். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

பதிவுகளில் இருப்பது வேறு. ஃபிலடெல்ஃபியாவின் ஜான்சன் அண்ட் ஸ்டோக்ஸ் நிறுவனம் 1889-ல் 'பிராண்டிவைன்' என்ற பெயரில் ஒரு சிவப்புத் தக்காளியை வெளியிட்டது. இன்று எல்லாரும் கொண்டாடும் இளஞ்சிவப்பு பிராண்டிவைன் வேறொரு பாதையில் வந்தது. ஓஹியோவைச் சேர்ந்த பென் குவிசன்பெரி என்ற முதியவர் 1982-ல் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற விதைப் பரிமாற்ற அமைப்புக்கு அதைக் கொடுத்தார். அவருக்கு அது டென்னசியின் சட்டுத் குடும்ப வழியில் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் 80 ஆண்டுகளுக்கு மேல் இருந்ததாகச் சொன்னார்கள். அதனால்தான் அக்கறையான பட்டியல்களில் 'பிராண்டிவைன், சட்டுத் வழி' என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் என்ன உறவு என்பது தீராத விவாதம். இரண்டையும் ஒன்றாக்கி '1889 முதல் ஆமிஷ் பாரம்பரியம்' என்று எழுதியிருந்தால், எழுதியவர் மூன்று தவறுகளை ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

'சான் மார்ஸானோ' பெருவின் அரசப் பரிசாமே?

1770-ல் பெருவிலிருந்து நேப்பிள்ஸ் அரசுக்குப் பரிசாக வந்த விதை என்பது கதை. ஸ்பெயினின் போர்போன் வம்சம் நேப்பிள்ஸையும் ஆண்டதால் கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த நீண்ட, கூர்முனைப் பழம் இந்தப் பெயரில் பதிவுகளில் தலைகாட்டுவது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இடையில் 130 ஆண்டு மௌனம். தக்காளியைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் தொழில் வளர்ந்தபோது உரிக்க எளிதான, விதை குறைந்த பழம் தேவைப்பட்டது. இந்த ரகத்தின் புகழ் அந்தத் தேவையோடு சேர்ந்து வளர்ந்தது.

1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் இடப்பெயர்ப் பாதுகாப்பு இதற்கு உண்டு. வெசுவியஸ் எரிமலைக்கு அருகில் சார்னோ, நோச்செரா வட்டாரத்தில் விளைந்து அங்கேயே பதப்படுத்தப்பட்டால்தான் அந்த முத்திரை. விதையை யாரும் எங்கும் விதைக்கலாம், முத்திரை மண்ணுக்குரியது.

நிறுவனங்கள் வெளியிட்ட ரகங்களையும் பாரம்பரியம் என்று சொல்வது சரியா?

சரி. இதை ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை, பாட்டி இல்லாத கதை சுவைக்காது என்பதால். ஆனால் இன்று தக்காளி என்றதும் மனதில் வரும் வழவழப்பான உருண்டையே ஒரு விதை வணிகரின் கைவேலை.

ஓஹியோவின் ரெய்னால்ட்ஸ்பர்க்கைச் சேர்ந்த அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன் சிறுவனாக இருந்தபோது காட்டோரம் தக்காளியைப் பறித்து அம்மாவிடம் காட்டினாராம். அதைத் தின்னக்கூடாது, விஷம், பன்றிகூடத் தொடாது என்று அம்மா சொன்னதாக அவரே பின்னாளில் எழுதினார். அக்காலத் தக்காளிகளில் பெரும்பாலானவை ஆழமான மடிப்புகளோடு கோணலாக இருந்தன. உள்ளே சதையைவிடக் குழிகள் அதிகம். லிவிங்ஸ்டன் முதலில், இருக்கும் செடிகளில் நல்ல பழத்தை மட்டும் பொறுக்கி விதைத்தார். பல ஆண்டு போயும் பெரிதாக மாறவில்லை. பிறகு உத்தியை மாற்றினார். பழத்தை விட்டுவிட்டு, செடி முழுவதும் ஒரே சீரான பழங்களைத் தரும் தனிச் செடியைத் தேடினார். 1870-ல் வந்த 'பாரகான்' அப்படிப் பிறந்தது. அதன் பின் அவரும் அவருடைய நிறுவனமும் முப்பதுக்கும் மேற்பட்ட ரகங்களை வெளியிட்டார்கள். 1882-ன் 'கோல்டன் குவீன்' இன்னும் கிடைக்கிறது. பழத்தைப் பார்க்காதே, செடியைப் பார் என்ற அந்தப் பாடம் வீட்டில் விதை எடுப்பவருக்கு இன்றும் செல்லும்.

அதே காலத்தில் ரோட் ஐலண்டின் கர்னல் ஜார்ஜ் வேரிங் 'ட்ராஃபி' என்ற ரகத்தின் இருபது விதைகளை ஐந்து டாலருக்கு விற்றார். ஒரு விதை 25 சென்ட்! விதை உறையை விலைமதிப்புள்ள பொருளாக்கும் கலை இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

பல்கலைக்கழக ரகங்களும் இந்த வரிசையில் வரும். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1934-ல் வெளியிட்ட 'ரட்கர்ஸ்' டப்பாத் தொழிலுக்கென உருவானது. வீட்டுத் தோட்டங்களிலும் பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

கறுப்புத் தக்காளிகள் ரஷ்யாவிலிருந்து வந்தவையா? அந்த நிறம் எப்படி வருகிறது?

பல கறுப்பு ரகங்கள் பழைய சோவியத் நாடுகளிலிருந்து 1990-ஐ ஒட்டி மேற்குக்கு வந்தன. இரும்புத் திரை விலகியதும் விதைகளும் வெளியே வந்தன என்று சொல்லலாம். 'பிளாக் கிரிம்' கிரிமியாவின் பெயரைத் தாங்கியது. கிரிமியப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் விதையைப் பரப்பினார்கள் என்ற வரியும் அடிக்கடி கண்ணில் படும். அதற்கு ஆதாரம் காட்டியவர்களை நான் பார்த்ததில்லை.

'பால் ரோப்சன்' என்ற ரகத்துக்கு அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் பெயர். சொந்த நாட்டில் கம்யூனிச ஆதரவாளர் என்று ஒடுக்கப்பட்ட அவருக்குச் சோவியத் ஒன்றியத்தில் பெரும் வரவேற்பு இருந்தது. மாஸ்கோவைச் சேர்ந்த மரினா டனிலென்கோ என்ற விதை வணிகர் வழியாக அந்தத் தக்காளி அமெரிக்கா வந்தது. தன் நாடு மறக்க நினைத்த பாடகரின் பெயர் அயல்நாட்டு விதையில் திரும்பி வந்திருக்கிறது. 'காஸ்மோனாட் வோல்கோவ்' 1971-ல் சோயுஸ் 11 விண்கலத்தில் இறந்த விளாடிஸ்லாவ் வோல்கோவின் நினைவைத் தாங்குகிறது. இது கறுப்பு அல்ல, சிவப்பு.

நிறத்தின் காரணம் எளிது. சாதாரணத் தக்காளி பழுக்கும்போது பச்சையம் சிதைந்துவிடும். சிவப்பு நிறமியான லைகோபீன் சேரும். இந்த ரகங்களில் ஒரு மரபணு மாற்றத்தால் பச்சையம் முழுமையாகச் சிதைவதில்லை. பச்சையும் சிவப்பும் கலந்து பழுப்பாகத் தெரிகிறது. அதன்மேல் தோல் நிறமற்றதாக இருந்தால் ஊதா சாயல், மஞ்சளாக இருந்தால் சாக்லேட் சாயல். 1990களின் நடுவில் லெஹூலியரின் தோட்டத்தில் ஒரு செரோகி பர்ப்பிள் செடி பழுப்பாகக் காய்த்து 'செரோகி சாக்லேட்' ஆனது. மாறியது தோலின் நிறம் மட்டும்தான். சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் உள்ள வித்தியாசமும் இதே தோல் கணக்குதான். பழத்தை வெந்நீரில் முக்கித் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

'கிரீன் ஸீப்ரா' எந்தக் காலத்து ரகம்?

1983. டாம் வாக்னர் என்ற அமெரிக்கர் கலப்புச் செய்து உருவாக்கி அந்த ஆண்டு வெளியிட்டார். பச்சை வரிகளைப் பார்த்ததும் பழைய ரகம் என்று கடைக்காரர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அருமையான தக்காளி, ஆனால் அதை உருவாக்கியவரின் பெயரை அழித்துவிட்டு 'பாரம்பரியம்' என்று எழுதுவது அநியாயம்.

'சன்கோல்ட்' விதையைச் சேமிக்கலாமா?

ஜப்பானின் டொகிட்டா நிறுவனத்தின் ஒட்டு ரகம் அது. சேமிக்கலாம், ஆனால் வருவது சன்கோல்ட் ஆக இருக்காது. சோதனையாக விதைக்கிறவர்களுக்கு நல்ல விளையாட்டு.

பழைய ரகங்கள் ஏன் மறைந்தன? யார் காப்பாற்றினார்கள்?

ஒட்டு ரகம் ஒரே சீராக விளையும், நோய் தாங்கும். விதையை ஆண்டுதோறும் நிறுவனத்திடமே வாங்க வேண்டும் என்பதால் நிறுவனத்துக்கும் லாபம். பட்டியல்களில் இடம் குறைவு. மெல்ல விற்பவை வெளியேறின. யாரும் சதி செய்யவில்லை; ஆண்டுக்குச் சில பெயர்களாக உதிர்ந்தன. வீட்டு ரகங்களின் நிலை இன்னும் மோசம். விதை வைத்திருந்த முதியவர் போனால் அலமாரியில் இருந்த புட்டியும் குப்பைக்குப் போகும்.

1975-ல் டயான் ஆட் வீலியும் கென்ட் வீலியும் தொடங்கிய விதைப் பரிமாற்ற வலை, பின்னர் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஆனது. அயோவா மாநிலத்தின் டெக்கோராவில் இப்போது அதற்குப் பெரிய பண்ணையே இருக்கிறது. தொடக்கம் டயானின் தாத்தா கொடுத்த விதைகள். அவற்றில் ஒன்று 'ஜெர்மன் பிங்க்' தக்காளி. அவருடைய முன்னோர் பவேரியாவிலிருந்து 1880களில் கொண்டுவந்தது. உறுப்பினர்கள் தங்களிடம் உள்ளதைப் பட்டியலிட்டு, கேட்பவருக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். இந்தப் பதில்களில் வரும் பெயர்கள் பலவும் அந்த அஞ்சல் வழியாகத்தான் பிழைத்தன. விதையோடு கடிதம் எழுதும் பழக்கமும் அங்கேதான் ஊன்றியது.

பழைய ரகம் என்றால் சுவை அதிகம் என்பது உண்மையா, ஏக்கமா?

பாதி பாதி. 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, முற்றாத காயில் தோள்பட்டை (காம்பைச் சுற்றிய மேல்பகுதி) கரும்பச்சையாக இல்லாமல் ஒரே சீரான வெளிர்பச்சையாக இருக்கும் குணத்துக்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தது. சீராகப் பழுத்ததாகத் தெரியும் என்பதால் 20-ஆம் நூற்றாண்டு வளர்ப்பாளர்கள் அந்தக் குணத்தை விரும்பிச் சேர்த்தார்கள். ஆனால் அந்த மரபணு பழுதாவதால்தான் அந்தக் குணம் வருகிறது; அப்போது காயில் ஒளிச்சேர்க்கை குறைந்து சர்க்கரையும் குறைகிறது. பழைய ரகங்கள் பலவற்றில் அந்தப் பச்சைத் தோள்பட்டை இன்னும் இருக்கிறது. 2017-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ உள்ளிட்ட குழு 398 ரகங்களை ஆராய்ந்து, சுவைக்குப் பங்களிக்கும் 13 மணப்பொருள்கள் நவீன வணிக ரகங்களில் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டியது.

மறுபாதி, நிலைமை. பச்சையாகப் பறித்துக் குளிரில் வைத்தால் பிராண்டிவைனும் சப்பென்றுதான் இருக்கும். எல்லாப் பழைய ரகமும் சுவையானதும் அல்ல. டப்பாவுக்கென்றும் தூரம் அனுப்புவதற்கென்றும் உருவாக்கியவை அந்தக் காலத்திலும் இருந்தன.

பழைய ரகங்களுக்கு நோய் எதிர்ப்பு அதிகமா?

இல்லை, பெரும்பாலும் குறைவு. வாடல் நோய்க்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் எதிரான மரபணுக்களைக் காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து எடுத்து 20-ஆம் நூற்றாண்டில்தான் பயிருக்குள் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய ரகத்தில் அவை எப்படி இருக்கும்? 'முன்னோர் ரகம், அதனால் உறுதி' என்பது நல்ல வாசகம், தவறான உயிரியல். மண்ணில் வாடல் நோய் இருந்தால், எதிர்ப்புள்ள வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வளர்ப்பது ஒரு வழி.

ஒரே பெயரில் இரண்டு இடத்தில் வாங்கினேன், பழம் வேறு வேறாக இருக்கிறது. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம்: உறையில் பெயர் மாறியிருக்கலாம், ஒரே பெயரில் இரண்டு வழிகள் இருக்கலாம், அல்லது எங்கோ ஒரு பூ கலந்திருக்கலாம். தக்காளி தானே கருவுறும் பயிர்தான். நவீன ரகங்களில் சூல்முடி மகரந்தக் கூம்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பழைய பெரும்பழ ரகங்கள் சிலவற்றிலும், இரண்டு பூ ஒன்றாக ஒட்டிப் பிறந்த இரட்டைப் பூக்களிலும் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பூவைத் திருப்பிப் பாருங்கள்: மஞ்சள் கூம்பின் நுனியில் பச்சையாக ஒரு புள்ளி துருத்தினால், வரும் தேனீ எந்தச் செடியிலிருந்து வருகிறதோ அதன் மகரந்தம் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட ரகத்தில் விதை எடுக்க வேண்டுமானால், பூ விரியும் முன் மெல்லிய வலைப்பையைக் கட்டி, காய் பிடித்ததும் பையை நீக்கி, அந்தக் காம்பில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பெரிய இரட்டைப் பூவில் காய்த்த பூதாகரமான பழம்தான் ஆசையைத் தூண்டும்; விதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

விதையை ஏன் புளிக்க வைக்கச் சொல்கிறார்கள்?

ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழப்பான ஓர் உறை உண்டு. பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பது அது. நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாற்றோடு ஒரு கண்ணாடிக் குவளையில் வழித்து, வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். மேலே வெண்ணிறப் பூஞ்சணம் படரும். வாடை பொறுக்க முடியாமல் இருக்கும், அதுதான் சரியான குறி. தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், சக்கையும் பதரும் மிதக்கும். மிதப்பதை வடித்து, இரண்டு மூன்று முறை கழுவி, பீங்கான் தட்டில் பரப்பிக் காயவிடுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. அதிக நாள் விட்டால் குவளையிலேயே முளைக்கத் தொடங்கிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தால் பல ஆண்டுகள் முளைப்புத் திறன் இருக்கும்.

பழைய ரக விதையை யாரும் விற்கலாமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் காய்கறி விதையை வணிகமாக விற்க அந்த ரகம் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. பழைய ரகங்களுக்கு அந்தப் பதிவு பெரும் சுமையாக இருந்ததால் 2009-ல் தனிச் சலுகை வழிகாட்டுதல் வந்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கட்டாயப் பட்டியல் இல்லை. அங்கே இத்தனை குடும்ப ரகங்கள் சந்தைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் குடும்பத்தில் பெயரில்லாத தக்காளி ஒன்று இருக்கிறது. அதன் கதையை எப்படிப் பதிவு செய்வது?

தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுங்கள். யாரிடமிருந்து, எந்த ஆண்டு, எந்த ஊரில் கைமாறியது என்பது முதல் பகுதி. யார் சொன்னார்கள் என்பதோடு சேர்த்துச் செவிவழிச் செய்தி இரண்டாம் பகுதி. ஆண்டு தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். 'அத்தை திருமணமாகி வந்தபோது இருந்தது' என்றால் அப்படியே எழுதுங்கள், பின்னால் வருபவர் கணக்குப் போட்டுக்கொள்வார். இலை சாதாரணமானதா, உருளைக்கிழங்கு இலைபோல விளிம்பு வெட்டில்லாததா, காயில் பச்சைத் தோள்பட்டை உண்டா, உரித்த தோலின் நிறம் என்ன, குறுக்கே வெட்டினால் எத்தனை அறைகள் என்பவற்றையும் குறியுங்கள். பெயர் தொலைந்தாலும் ரகத்தை அடையாளம் காண இவை போதும். பெயர் வைப்பதாக இருந்தால் கொடுத்தவரின் பெயரையோ ஊரின் பெயரையோ வையுங்கள். தெரியாத ஒரு மக்களினத்தின் பெயரை அலங்காரத்துக்காக ஒட்டாதீர்கள்.

விதையைக் குறைந்தது இரண்டு பேருக்குக் கொடுத்து, எழுதிய தாளின் நகலையும் அதே உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.